அணையும் அகன்ற ஊர்களும்

வானம் பார்த்த நிலத்தில் வாழ்வோரே நீரின் அருமையை நன்கு அறிவர். விருதுநகர் மாவட்டத்திலுள்ள அச்சங்குளம் என்னும் சிற்றூர் தன் பெயரிலேயே குளத்தைத் தாங்கி நிற்கின்றது. அப்பக்கத்துக் கரிசல் நிலங்களில் மழை பொய்ப்பின் பயிரும் பொய்க்கும். ஆதலின், அணையின் பயனை அங்குள்ளோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அப்பயனை எண்ணும்பொழுது, அணைக்கு இடந்தந்து அகன்றவர்களையும் எண்ணுதல் முறையாகும். இதற்கு மேட்டூர் அணை தக்க சான்றாகும்.

காவிரியின் குறுக்கே மேட்டூர் அணையைக் கட்டும் பணி 1925ஆம் ஆண்டில் தொடங்கி 1934ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 120 அடி உயரத்திற்கு நீர் நிறையும்பொழுது, அதில் ஏறத்தாழ 9,347 கோடி கன அடி நீர் தேங்கும். வீணே கடல் புகுந்த வெள்ளம் தேக்கப்பட்டு, தஞ்சை வயல்களுக்குக் காலத்தில் பாய்ந்தது. இஃது அரும்பெரும் பயனே.

ஆனால், அந்நீர் தேங்கிய இடத்தில் முன்னர் ஊர்கள் இருந்தன. வீடும் விளைநிலமும் வழிபாட்டிடமும் விட்டு மக்கள் மேட்டு நிலங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நீர்மட்டம் பெரிதும் தாழும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பகுதியில் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் இன்றும் வெளிப்படுகின்றன. அவற்றைச் சூழ்ந்திருந்த வாழ்க்கை மட்டும் மீண்டும் வெளிப்படுவதில்லை.

நீர் பள்ளம் நோக்கியே பாயும். அணைக்குக் கீழுள்ள வயல்கள் கால்வாயால் செழிக்கும். நீர்த்தேக்கத்தின் கரைமேல் குடியேறியவர் நிலமோ நீர்மட்டத்திற்கு மேலே இருக்கும். ஆற்றங்கரையில் பயிரிட்டவர், கண்ணெதிரே கடல்போல் நீர் கிடக்கவும், வானத்தை நோக்கி நிற்க நேரும்.

நிலமுடையவர்க்கு விலையேனும் கிட்டும். நிலமின்றிக் கூலி வேலை செய்தவரும், குயவரும், ஆடு மேய்த்தவரும் எதைக் காட்டி விலை கேட்பர்? 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நிலத்தின் மதிப்பையே பெரிதும் நோக்கியது. 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே, பிழைப்பை இழக்கும் உழவுத் தொழிலாளரையும் குத்தகையாளரையும் கைவினைஞரையும் பாதிக்கப்பட்டோராக ஏற்று, அவர்தம் மறுவாழ்வுக்கும் வழிவகுத்தது. மேட்டூரை விட்டு அகன்றோர்க்கு அது காலங்கடந்த நீதியாகும்.

பலர் வாழச் சிலர் இடந்தருதல் உயர்ந்த ஈகை. ஆயினும், கேளாமலே பெற்ற ஈகை கடனாகும். அணைநீரால் விளைந்த சோற்றை உண்போர் யாவரும் அக்கடனை மறவாதிருத்தல் வேண்டும். இனி அணை எழுப்புவோர், கல் நாட்டுமுன் அகலவிருப்போர்க்கு நிலமும் நீரும் தொழிலும் அமைத்தல் வேண்டும். அதுவே அக்கடனைத் தீர்க்கும் நெறியாகும்.