பூட்டுக்குக் கையெழுத்து போட்டது யாரு?

அட்ரஸ் பார்ல பூட்டுப் படம் தெரிஞ்சா சைட் சேஃப்னு ஸ்கூல்லயே நமக்குச் சொல்லிக் கொடுத்துட்டாங்க. அந்தப் பூட்டை குரோம் 2023லயே எடுத்துட்டாங்க, கவனிச்சீங்களா? "இந்த சைட்டை நம்பலாம்"னு ஜனங்க அதைத் தப்பா அர்த்தம் பண்ணிக்கிட்டதுதான் காரணம். ஏமாத்துற சைட்டுக்கும் இப்போ பூட்டு இருக்கு. சரி, ஒரிஜினல் டொமைனே இருந்து, பூட்டும் இருந்து, எதிர்ல பேசுறது வேற ஆளா இருந்தா? நம்ம நாட்டுலயே அப்படி ஒண்ணு நடக்க வழி திறந்துச்சு.

கொஞ்சம் தியரி. எச்.டி.டி.பி.எஸ் ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு, நீங்க அனுப்புறதை மறைக்குது. ரெண்டு, எதிர்ல இருக்கிறது நிஜமாவே அந்த சர்வர்தானான்னு பார்க்குது. எக்ஸாமுக்கு நாம படிக்கிறது முழுக்க முதல் வேலைக்கான கணக்கு. அந்தக் கணக்கை யாரும் லேசுல உடைக்க முடியாது. வீக்கான இடம் ரெண்டாவது.

எங்க ஏரியா பேரு யானைக்கவுனி. கவுனின்னா வாசல். அந்தக் கால பிளாக் டவுனைச் சுத்தி இருந்த மதில்ல ஒரு வாசல் இது. மதில் போயிடுச்சு, பேரும் வால்டாக்ஸ் ரோடும் மிச்சம். மதில் எவ்வளவு கெட்டியா இருந்தாலும், கவுனில நிக்கிறவன் யாரை உள்ள விடுறான்ங்கிறதுதானே விஷயம்? இணையத்துல அந்தக் காவலாளி சர்டிஃபிகேட் அத்தாரிட்டி. "இந்த டொமைனுக்கு இதுதான் பப்ளிக் கீ"ன்னு அவங்க கையெழுத்து போட்டா பிரௌசர் நம்பிடும். கொடுமை என்னன்னா, காவலாளிங்க நூத்துக்கும் மேல இருக்காங்க, அவங்கள்ல யாரு வேணும்னாலும் எந்த டொமைனுக்கு வேணும்னாலும் கையெழுத்து போட முடியும்.

2014 ஜூலை 2. கூகுளோட சில டொமைன்களுக்கு கூகுள் கேட்காத சர்டிஃபிகேட்டுகள் இருக்கிறது அவங்களுக்குத் தெரிய வந்துச்சு. கையெழுத்து நம்ம என்.ஐ.சி-யோடது, அதாவது தேசிய தகவலியல் மையம். என்.ஐ.சி-க்கு அந்த அதிகாரம் கொடுத்தது ஐ.டி. சட்டத்தின் கீழ் இயங்குற சி.சி.ஏ. அந்த சி.சி.ஏ-வோட ரூட் சர்டிஃபிகேட் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ல இருந்ததால, விண்டோஸ்ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மாதிரி புரோகிராம்கள் அதையெல்லாம் அப்படியே நம்பியிருக்கும். யாராவது நெட்வொர்க் நடுவுல உட்கார்ந்து கூகுள் வேஷம் போட்டா எந்த வார்னிங்கும் வராது. ஃபயர்ஃபாக்ஸ் தனக்குன்னு தனி லிஸ்ட் வச்சிருந்துச்சு, அதுல நம்ம சி.சி.ஏ இல்ல, அதனால தப்பிச்சுது. விண்டோஸ் குரோமும் கூகுள் சைட்டுகளுக்குத் தப்பிச்சுது, ஏன்னா எந்தக் கீகளை ஏத்துக்கலாம்னு அதுக்குள்ளயே எழுதி வச்சிருந்தாங்க. இதுக்குப் பேருதான் பின்னிங்.

மறுநாளே சி.சி.ஏ, என்.ஐ.சி-யோட இடைநிலை சர்டிஃபிகேட் எல்லாத்தையும் ரத்து பண்ணாங்க. விசாரிச்சதுல, சர்டிஃபிகேட் கொடுக்கிற என்.ஐ.சி-யோட நடைமுறைக்குள்ளயே யாரோ புகுந்துட்டாங்கன்னு தெரிஞ்சுது. நாலே நாலு போலிதான், மூணு கூகுளுக்கு, ஒண்ணு யாஹூவுக்குன்னாங்க. கூகுள் ஒத்துக்கல. அதுக்கு மேலயும் இருக்கு, எவ்வளவுன்னு தெரியலன்னாங்க. கடைசில குரோம், சி.சி.ஏ ரூட்டை கவ்.இன், நிக்.இன், ஏ.சி.இன்னு ஒரு ஏழு டொமைனுக்குள்ள அடைச்சு வச்சுது. என்னைக் கேட்டா, நியாயமான தண்டனை.

இப்போ பின்னிங் பெருசா இல்ல. சொந்தக் கீயைத் தொலைச்சா உங்க சைட்டுக்குள்ள உங்க யூசரே வர முடியாது. அதனால சைட்டுகள் தாங்களே பின் பண்ணிக்கிற வசதியை குரோம் 2019ல எடுத்துட்டாங்க. அதுக்குப் பதில் சர்டிஃபிகேட் ட்ரான்ஸ்பரன்சி. எந்த அத்தாரிட்டி சர்டிஃபிகேட் கொடுத்தாலும், யாரும் அழிக்க முடியாத பொது லாக்ல அது பதிவாகணும். இல்லாட்டி, 2018 ஏப்ரல் 30க்கு அப்புறம் கொடுத்த சர்டிஃபிகேட்டை குரோம் ஏத்துக்காது. போலி உருவாகிறதை இது தடுக்காது, ஆனா திருட்டுத்தனமா உருவாக்க முடியாது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ஹோஸ்ட் பண்றவங்களுக்கு வேலை இருக்கு. டி.எல்.எஸ் 1.2, 1.3 ரெண்டை மட்டும் விடுங்க. பழசைத் திறந்து வச்சா, பேச்சைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கித் தாக்குவாங்க. 2014 அக்டோபர்ல வந்த பூடுல் தாக்குதல் எஸ்.எஸ்.எல் 3.0-வை முடிச்சு வச்சது அப்படித்தான். எச்.எஸ்.டி.எஸ் ஹெடர் போடுங்க. இல்லன்னா சென்ட்ரல் வைஃபைல யாராவது நடுவுல நின்னு, உங்க யூசரை சாதா எச்.டி.டி.பி-யிலயே நிறுத்தி வச்சிடலாம். டி.என்.எஸ்-ல சி.ஏ.ஏ ரெக்கார்ட் ஒரு வரி சேர்த்தா, எந்த அத்தாரிட்டி உங்களுக்கு சர்டிஃபிகேட் தரலாம்னு நீங்களே சொல்லிடலாம். 2017 செப்டம்பர்லேர்ந்து அவங்க அதைப் பார்த்தே ஆகணும்.

அப்புறம் பைத்தான்ல எரர் வந்ததும் வெரிஃபை ஈக்வல் டு ஃபால்ஸ்னு அடிச்சு ரிவ்யூவுக்குப் போற ஆளுங்களே! காவலாளியையே வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. இதுக்கு ஹேக்கர் என்.ஐ.சி-க்குள்ள புகவே வேண்டாம், அவனே ஒரு சர்டிஃபிகேட் செஞ்சு நீட்டினா போதும்.

ஹாஸ்டல்ல சும்மா இருந்தா சி.ஆர்.டி டாட் எஸ்.எச் போய் நம்ம காலேஜ் டொமைனைப் போட்டுப் பாருங்க. அந்த லாக்ல இதுவரைக்கும் பதிவான சர்டிஃபிகேட்டெல்லாம் வரும். கூடவே டெஸ்ட், பேக்கப், ஓல்டுன்னு யாரோ எப்பவோ வச்சு மறந்த சப்டொமைன் பேர்களும் வரலாம். அதை நீங்க பார்க்கிற மாதிரியே வெளியாளும் பார்க்கலாம்.