கிளாஸ்கோ: தாத்தா துடைத்த தகட்டில் இருந்த ஊர்



எங்க தாத்தா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். அகலப்பாதை நீராவி எஞ்சின்கள் வந்து நிற்கும் லோகோ ஷெட்டில் வேலை. "டபிள்யூ.ஜி. எஞ்சின்ல சிலதுல ஒரு தகடு இருக்கும்டா. அதுல கிளாஸ்கோன்னு போட்டிருக்கும். அதைத் துடைச்சுட்டுத்தான் ஸ்பேனரையே எடுப்பேன்" என்பார். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "சீமையில எங்கேயோ" என்று முடித்துவிடுவார். மெக்கானிக்கல் படிக்கிற பேரனுக்கு அது போதுமா? நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததை இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

ஆற்றைச் செதுக்கிய ஊர்

ஸ்காட்லாந்தின் தலைநகரம் எடின்பரோ. ஆனால் மக்கள் தொகையில் பெரிய நகரம் கிளைடு ஆற்றங்கரையில் உள்ள கிளாஸ்கோதான். 18-ஆம் நூற்றாண்டில் அந்த ஆற்றைச் சில இடங்களில் நடந்தே கடக்கலாம்; அவ்வளவுதான் ஆழம். அட்லாண்டிக் கடலைத் தாண்டி வரும் புகையிலையும் சர்க்கரையும் கீழே உள்ள துறைமுகங்களில்தான் இறங்கின. (அந்தச் செல்வத்தின் பின்னால் அடிமைகளின் உழைப்பு இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.)

கப்பலை ஊருக்குள் கொண்டுவர என்ன செய்தார்கள்? ஜான் கோல்போர்ன் என்ற பொறியாளர் யோசனைப்படி, 1770-களில் கரையிலிருந்து ஆற்றுக்குள் கல் தடுப்புகளை நீட்டினார்கள். அகலம் குறைந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் தண்ணீரே அடிமணலை அரித்துக்கொண்டு போகும். நாம் ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் படிக்கும் அதே தொடர்ச்சிச் சமன்பாடுதான்! மிச்சத்தைத் தூர்வாரும் இயந்திரங்கள் பார்த்துக்கொண்டன. பின்னர் அந்த ஆற்றின் கரையிலேயே கப்பல் கட்டும் தளங்கள் வரிசையாக எழுந்தன. புகழ்பெற்ற 'குயின் மேரி' கப்பல் 1934-ல் பக்கத்து ஊரான கிளைடுபேங்கில்தான் நீரில் இறங்கியது.

நம்ம சிலபஸில் வரும் ஜேம்ஸ் வாட்டும் இந்த ஊரோடு சேர்ந்தவர்தான். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவி செய்பவராக இருந்தபோதுதான் நியூகோமன் எஞ்சின் மாதிரி ஒன்று அவரிடம் பழுதுபார்க்க வந்தது. நீராவியைத் தனிக் கலத்தில் குளிரவைக்கலாம் என்ற எண்ணம் 1765-ல் கிளாஸ்கோ கிரீன் திடலில் நடந்துகொண்டிருந்தபோது அவருக்குத் தோன்றியது.

தாத்தாவின் எஞ்சின்

1903-ல் மூன்று எஞ்சின் கம்பெனிகள் ஒன்றாகி 'நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ்' உருவானது. நகரின் ஸ்பிரிங்பர்ன் பகுதியில் செய்த எஞ்சின்களைத் தெரு வழியாக இழுத்து வந்து, ஃபின்னிஸ்டன் துறையில் 175 டன் தூக்கக்கூடிய கிரேனால் கப்பலில் ஏற்றுவார்கள். உலகமெங்கும் போயின, இந்தியாவுக்கும் வந்தன. டபிள்யூ.ஜி. எஞ்சின்கள் சித்தரஞ்சனில் தயாராகத் தொடங்கிய 1950 வாக்கில், இந்தக் கம்பெனியும் அவற்றைச் செய்து அனுப்பியது. தாத்தா துடைத்த தகடு அதுதான்.

அந்தக் கம்பெனி 1962-ல் மூடப்பட்டது! காரணம் என்ன? உலகம் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறியபோது இவர்கள் தாமதமாகத்தான் மாறினார்கள். ஜெர்மன் உரிமம் பெற்றுச் செய்த டீசல் எஞ்சின்கள் அடிக்கடி பழுதாகிப் பேரைக் கெடுத்தன. நீராவியில் கைதேர்ந்தவர்களாக இருந்ததே அவர்களுக்கு வினையாகிவிட்டது.

கப்பல் தொழிலும் சரிந்தது. 1971-ல் கிளைடு தளங்களுக்கு இனி உதவ முடியாது என்று அரசு கைவிரித்தபோது, ஜிம்மி ரீட் போன்ற தலைவர்களின் கீழ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை; மாறாக, வேலையை நிறுத்த மறுத்தார்கள்! தளத்துக்குள் குடியும் கூடாது, கலாட்டாவும் கூடாது என்று தங்களுக்கே கட்டுப்பாடு விதித்துக்கொண்டு, வந்த ஆர்டர்களை முடித்துக்கொண்டிருந்தார்கள். 1972-ல் அரசு இறங்கி வந்து நிதி கொடுத்தது. ஆனாலும் சரிவு நிற்கவில்லை. இன்று நகருக்குள் கோவன், ஸ்காட்ஸ்டன் தளங்களில் போர்க்கப்பல்கள் மட்டும் கட்டுகிறார்கள். 1930-களின் இறுதியில் சுமார் 11 லட்சமாக இருந்த மக்கள் தொகை, வேலை போனதாலும், நெரிசலைக் குறைக்கப் புதுநகரங்களுக்கு மக்களை மாற்றியதாலும், 2022 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 6 லட்சத்து 20 ஆயிரமாக நின்றது.

வழிகள் பிழைத்த கதை

தொழில் போனது, போட்ட வழிகள் என்னாயின? 1896-ல் திறந்த கிளாஸ்கோ சப்வே, லண்டன், புடாபெஸ்ட் நகரங்களுக்கு அடுத்து உலகின் மூன்றாவது பழைய சுரங்க ரயில். 10.5 கி.மீ. வட்டம், 15 நிலையங்கள், 4 அடி அகலத் தண்டவாளம். தொடக்கத்தில் ரயிலில் எஞ்சினே கிடையாது! தரைக்கு மேலே ஒரு நிலையத்தில் நீராவி எஞ்சின் சுற்ற, சுரங்கம் முழுக்க ஓடும் இரும்புக் கயிற்றைப் பெட்டி கவ்விப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். 1935-ல் மின்சாரம் வந்தது. பணிமனைக்குப் போகத் தண்டவாள இணைப்பும் இல்லாததால், பெட்டிகளைக் குழி வழியாகக் கிரேனால் தூக்கி வெளியே எடுத்தார்கள். 1977-ல் மூடிப் புதுப்பித்து 1980-ல் திறந்தபோதுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. 2023 டிசம்பரில் புது ரயில்கள் ஓடத் தொடங்கின. சுரங்கம் மட்டும் அதே பழைய சுரங்கம்!

சென்ட்ரல் நிலையத்திலிருந்து லண்டனுக்கு ரயிலில் சுமார் நாலரை மணி நேரம். எடின்பரோவுக்கு 50 நிமிடம் போல ஆகும் ரயிலுக்குக் குவீன் ஸ்ட்ரீட் நிலையம் போக வேண்டும். வெவ்வேறு கம்பெனிகள் கட்டியதால் இரண்டுக்கும் நடுவே இன்றும் நடந்துதான் போக வேண்டும். 1964-ல் மூடிய நகரடிச் சுரங்கப்பாதை ஒன்றை 1979-ல் ஆர்கைல் லைன் என்று மீண்டும் திறந்து, ஆற்றின் இருபுற ரயில்களையும் இணைத்தார்கள்.

எல்லாமே சரியாக நடந்ததா என்றால், இல்லை. 1962-ல் டிராமை ஒழித்தார்கள். எம்-8 நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகளை இடித்து, 1970-ல் கிங்ஸ்டன் பாலத்தைத் திறந்தார்கள். விமான நிலையத்துக்கோ ரயிலே கிடையாது, பஸ்தான்!

நமக்கென்ன?

இடித்துப்போட்ட செயின்ட் ஈனாக் ரயில் நிலையத்தின் கல்லையும் மண்ணையும் கொட்டி, குவீன்ஸ் டாக் என்ற பழைய கப்பல் துறையைத் தூர்த்து, அதன்மேல் 1985-ல் மாநாட்டு மண்டபம் கட்டினார்கள். 2021-ல் உலக நாடுகள் கூடிப் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசியது அங்கேதான். நிலக்கரியையும் நீராவியையும் உலகுக்கு ஏற்றுமதி செய்த ஊரில்! பக்கத்தில் அந்த 175 டன் கிரேன் இன்றும் வேலையில்லாமல் நிற்கிறது. மண்டபம் வந்ததால் கொல்லன் பட்டறையில் நின்றவனுக்கு வேலை கிடைத்துவிடுமா என்ன? நகரம் மீண்டது வேறு, அந்த மனிதன் மீண்டது வேறு.

எங்க தாத்தாவுக்கு 47 வயதில் நீராவி ஷெட்டை மூடி, டீசல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். "பசங்களோட பெஞ்சுல உக்காந்து ஏ, பி, சி-ல ஆரம்பிச்சேன்டா" என்பார். வெட்கமாக இருந்ததாம், ஆனாலும் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுக்க ஓர் இடமாவது அவருக்கு இருந்தது. ஸ்பிரிங்பர்ன் ஃபிட்டர்களில் எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கும்?

இந்த ஆண்டு நாம் ஐ.சி. எஞ்சின் பேப்பர் எழுதுகிறோம். வாசலில் மின்சார பஸ் போகிறது. நண்பர்களே, பேட்டரியையும் மோட்டாரையும் இப்போதே தொட்டுப் பார்த்துவிடுவோம். நம்ம ஒர்க்‌ஷாப்பில் அதற்கும் ஒரு மேஜை வேண்டும் என்று சங்கத்தின் மூலமாகக் கேட்போம்.

– மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை