நைட் ஷிப்ட் ஊரும் குகை வௌவால்களும்: மூளையை ஆராயும் இளையவர்களுக்கு யார் துணை?

ராஜபாளையம் நூற்பாலைகளில் நைட் ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவருக்குப் பாய் விரித்திருக்கும், தூக்கம்தான் வராது. உடம்பு அசந்து கிடக்க, மூளை மட்டும் விழித்துக்கொண்டிருக்கும். மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில் இருக்கும் சுமார் 20,000 நரம்பணுக்கள்தான் இதற்குக் காரணம். அவைதான் நம் உடலின் கடிகாரம். கண்வழி வரும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. ஆலையிலிருந்து வரும் வழியில் முகத்தில் படும் காலை வெயில், பகல் தொடங்கிவிட்டது என்று அதற்குச் சொல்லிவிடுகிறது.

இந்த உயிர்க்கடிகாரத்தைப் பற்றிய முக்கியமான ஆய்வு ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய மதுரையில்.

குகைக்குள் மணி பார்ப்பது எப்படி?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் நடத்தையை ஆராயும் துறையை வளர்த்தெடுத்தவர் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன். அவரிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் ஜி. மாரிமுத்து. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. குகையின் ஆழத்தில் வெளிச்சம் நுழையாது. வெப்பமும் ஈரமும் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. அங்கே தொங்கும் வௌவாலுக்கு அந்தி சாய்ந்தது எப்படித் தெரிகிறது?

சில வௌவால்களைக் கூண்டில் அடைத்துக் குகைக்குள்ளேயே வைத்தார்கள். சுற்றியிருந்த மற்ற வௌவால்கள் வழக்கம்போல் மாலையில் வெளியே பறந்து இரை தேடித் திரும்பின. கூண்டுக்குள் இருந்தவையும் அதே நேரத்துக்குச் சிறகடித்தன. கூட்டமே இல்லாத வேறொரு குகையில் வைத்தபோதோ, அவற்றின் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போனது. வெளிச்சம் எட்டாத இடத்தில், கூட்டாளிகளின் நடமாட்டமே கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது என்பது தெளிவானது.

முதல் பெயர் ஏன் முக்கியம்?

1981இல் இந்த ஆய்வு சர்வதேச இதழில் வெளிவந்தபோது ஆசிரியர்களின் பெயர் வரிசை: மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன். மாணவர் முதலில், பேராசிரியர் கடைசியில். உயிரியல் ஆய்வுகளில் முதல் பெயர் பெரும்பாலும் சோதனையைத் தன் கையால் செய்தவருடையது. பிறகு வேலைக்கும் நிதிக்கும் விண்ணப்பிக்கும்போது அந்த இளையவரின் மூலதனம் அதுதான். மாரிமுத்து அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உயர்ந்தார்.

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. அமெரிக்காவின் கால்டெக்கில் ஆய்வு மாணவராக இருந்த ரொனால்ட் கொனோப்கா, வழிகாட்டி சீமோர் பென்சருடன் சேர்ந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பழ ஈக்களின் நாள் 19 மணி நேரமாகச் சுருங்குவதும், 28 மணி நேரமாக நீள்வதும், ஒழுங்கே இல்லாமல் போவதும் ஒரே மரபணுவில் ஏற்படும் மாற்றங்களால்தான் என்று காட்டினார். அவரே பிறகு கால்டெக்கில் ஆசிரியராகச் சேர்ந்தார். நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. காலப்போக்கில் ஆய்வையே விட்டு விலகி, 2015இல் காலமானார். அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து அதன் இயக்கத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. தொடக்க ஆண்டுகளில் கைகொடுக்காவிட்டால் எத்தகைய மனிதரை இழக்க நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இன்று என்ன உதவி இருக்கிறது?

முனைவர் பட்ட மாணவர், பட்டம் முடித்து ஆய்வைத் தொடர்பவர், வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆனவர் ஆகியோரைத்தான் தொடக்கநிலை ஆய்வாளர்கள் என்கிறோம். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000. பட்டம் முடித்தவர்களுக்கு இந்தியா அலையன்ஸ் அமைப்பின் ஆய்வு நிதி 2008 முதல் இருக்கிறது. வாய்ப்புகளும் பெருகியுள்ளன. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருநிலைச் சிசுக்களின் மூளைகளை 5,132 மெல்லிய சீவல்களாகப் படம்பிடித்து 2024இல் உலகுக்கு இலவசமாகத் திறந்துவைத்தது. ராஜபாளையத்துக் கல்லூரி மாணவி தன் கணினியிலேயே அதைப் பார்க்கலாம்.

உதவித்தொகை அறிவித்தால் மட்டும் போதாது, மாதாமாதம் தவறாமல் வந்துசேர வேண்டும். விடுதிக் கட்டணத்துக்கு வீட்டில் கடன் வாங்கும் மாணவரால் வௌவாலைப் பற்றி நிம்மதியாக யோசிக்க முடியாது.

நாமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் கல்லூரிகள், வெளியூரில் ஆய்வு செய்யும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது மேடைக்கு அழைக்க வேண்டும். தங்கள் ஆய்வைத் தமிழில், முக்கால் மணி நேரம், அவர்கள் சொல்லட்டும். நைட் ஷிப்ட் தொழிலாளர்களும் முன்வரிசையில் வந்து உட்காரட்டும். தூக்கம் ஏன் வரவில்லை என்று கேட்கும் முழு உரிமை அவர்களுக்கு இருக்கிறது.