‘பாராபென் இல்லை’ என்றால் போதுமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தலைக்கும் முகத்துக்கும் இரண்டு வகைச் சரக்கு கிடைக்கிறது. நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், கஸ்தூரி மஞ்சள் பழைய வகை. இவற்றில் தண்ணீர் இல்லாததால் கிருமி எளிதில் வளராது. புட்டியில் வரும் ஷாம்பு, லோஷன், கிரீம் இன்னொரு வகை. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில், ஈரக் குளியலறையில் அது கெடாமலிருக்க ‘பிரசர்வேட்டிவ்’ சேர்த்தே ஆகவேண்டும். அட்டையில் வேப்பிலைப் படம் போட்டாலும் இதற்கு விலக்கில்லை.

இந்தப் பிரசர்வேட்டிவ்களில் மக்கள் பெயர் சொல்லிப் பயப்படுவது பாராபெனுக்குத்தான். 2004இல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர் ஃபிலிப்பா டார்பரும் குழுவினரும் 20 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றில் பாராபென் இருப்பதாக எழுதினார்கள். அதனால்தான் புற்று வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. பயம் மட்டும் பரவியது, ‘பாராபென் இல்லை’ விற்பனை வாசகமானது. பாராபென் ஹார்மோனைப் பாதிக்குமா என்ற விவாதம் தனி. அரிப்பு, படை என்ற கணக்கில் பார்த்தால் பாராபென் அப்பிராணி. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2019இல் அதற்கு ‘ஆண்டின் ஒவ்வாமை தராத பொருள்’ என்று பட்டமே கொடுத்தது.

பாராபெனை விலக்கியவர்கள் நாடிய மாற்றுகளில் ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன், சுருக்கமாக எம்.ஐ. முதலில் இது தனியாக வரவில்லை. எம்.சி.ஐ. என்ற அண்ணனோடு, அண்ணன் மூன்று பங்கு, தம்பி ஒரு பங்கு என்ற கலவையாக வந்தது. வம்புக்காரன் அண்ணன்தான் என்று கருதி, 2005இல் ஐரோப்பா தம்பியைத் தனியே, பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை அனுமதித்தது. கணக்கைப் பாருங்கள். பழைய கலவைக்கு உச்சவரம்பு 15 பங்கு, அதில் எம்.ஐ. நான்குக்கும் குறைவு. ஒரே அனுமதியில் 25 மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டார்கள்! சில ஆண்டுகளிலேயே ஐரோப்பியத் தோல் மருத்துவமனைகளில் முகமும் கையும் புண்ணாகி வந்தவர்கள் பெருகினார்கள். குழந்தையைத் துடைக்கும் ஈர டிஷ்யூவால் தாயின் விரல்களும் வெடித்தன. 2013இல் அதே அமெரிக்கச் சங்கத்தின் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ பட்டம் எம்.ஐ.க்குப் போனது. 2017 பிப்ரவரி முதல் ஐரோப்பாவில் பூசி அப்படியே விடும் கிரீம், லோஷன்களில் அதற்குத் தடை. கழுவிவிடும் பொருள்களில் 2018 முதல் 15 பங்குதான். தடுத்திருக்கக்கூடிய தொல்லை இது என்பதே என் எண்ணம்.

உடலில் நடப்பது இதுதான். அந்தச் சிறு மூலக்கூறு தோலின் புரதத்தில் ஒட்டிக்கொள்ள, எதிர்ப்பு சக்தியின் டி செல்கள் அதை எதிரியாகப் பதிவு செய்கின்றன. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பூசிய பிறகே இந்தப் பதிவு நடக்கும். ஆகவே, “இதே ஷாம்பைத்தானே பத்து வருஷமா போடுறேன்” என்ற வாதம் செல்லாது. பதிவானபின் பட்டால் ஒன்று முதல் மூன்று நாளில் கிளம்பும். வெள்ளிக்கிழமை தலை முழுகி, ஞாயிற்றுக்கிழமை கண்ணிமை வீங்கினால், நடுவில் சாப்பிட்ட நண்டைத்தான் நாம் குற்றம் சொல்வோம்.

தடித்த உச்சந்தலை பெரும்பாலும் தப்பிவிடும். நுரை வழியும் நெற்றியோரம், காதின் பின்புறம், கழுத்து, கண்ணிமை மாட்டிக்கொள்ளும். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. பழுப்பாகவோ ஊதாவாகவோ படிந்து, ஆறியபின்னும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். அதை மறைக்க வெளுப்பு கிரீம் தேடுவது அதைவிட ஆபத்து. பாதரசமும் பெட்டாமெத்தசோனும் கண்டுபிடிக்கப்பட்ட கிரீம்களின் பெயர்களைப் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு அடிக்கடி வெளியிடுகிறது. பெட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு; தடவினால் அரிப்பு அடங்கும், மூல காரணம் ஒளிந்துகொள்ளும். ஒரு பொருளுக்கு அந்தப் பிரிவின் அறிவிப்பு எண் இருந்தால், விற்பவர் பதிந்திருக்கிறார் என்று அர்த்தம். அரசு சோதித்துக் கொடுத்த சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

தீபாவளிக்கு வீட்டுச் சுவரில் அடிக்கும் தண்ணீர்ச் சாயத்திலும் எம்.ஐ. இருக்கலாம். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் புதுச் சாயம் அடித்த அறையில் இருந்ததாலேயே முகம் வீங்கிய சம்பவங்கள் ஐரோப்பாவில் பதிவாகியுள்ளன.

எது காரணம் என்று ரத்தப் பரிசோதனை சொல்லாது. 1895இல் யோசெஃப் யாதாசோன் என்ற மருத்துவர் காட்டிய ‘பேட்ச் டெஸ்ட்’தான் இன்றும் வழி. சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்து, நான்காம் நாள் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. கோலாலம்பூர் வெயிலில் இது ஒரு தவம்தான். கோலாலம்பூர் மருத்துவமனையின் தோல் பிரிவில் இந்தப் பரிசோதனை உண்டு.

மூலப்பொருள் பட்டியலில் பிரசர்வேட்டிவ் பெரும்பாலும் வால் பக்கம், பொடி எழுத்தில் இருக்கும். ‘ஐசோதயசோலினோன்’ என்று முடியும் பெயர்களையும், ஃபார்மால்டிஹைடை மெல்ல வெளிவிடும் ‘டிஎம்டிஎம் ஹைடான்டொயின்’, ‘குவாட்டர்னியம்-15’ ஆகியவற்றையும் அங்கே தேடுங்கள். மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள ஷாம்பு, கிரீம், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பட்டியல் அட்டைப் பெட்டியில் மட்டும் அச்சாகியிருக்கலாம், பெட்டியை எறிந்துவிடாதீர்கள்.