கதவைச் சாத்திப் பாடிய பாட்டு

ஊர் ஊராய்ப் பாடியவர்கள் – 6

கதவைச் சாத்தினார்கள். சன்னல் திரையையும் இழுத்து மூடினார்கள். நாற்காலிகள் போதவில்லை, அதனால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு வெளியே கேட்காத குரலில் பாடினார்கள். அமெரிக்காவின் டென்னஸி மாநிலம், நாஷ்வில் நகரம். ஃபிஸ்க் கல்விக்கூடத்தின் கறுப்பின மாணவர்கள் தங்கள் ஆசிரியர் வீட்டில் ஒளிந்து பாடிய அந்தப் பாட்டுகளை வேறெங்கும் பாட அவர்களுக்கு மனமில்லை. அவை பெற்றவர்களும் பாட்டன் பாட்டிகளும் அடிமைகளாக இருந்தபோது பாடியவை. அந்தக் காலத்தை நினைத்தாலே வேதனை. அதோடு, அம்மா ஆண்டவரிடம் அழுத அழுகையைக் காசு கொடுத்து வருகிறவர் முன்னால் எப்படி எடுத்து வைப்பது?

இப்படிக் கூச்சப்பட்டவர்களில் ஒருவர் எல்லா ஷெப்பர்ட் என்ற பெண். பிறகு இந்த மாணவர்களில் சிலர் சேர்ந்து ஊர் ஊராய்ப் போன பாட்டுக் குழுவின் பியானோ கலைஞர், பயிற்சி கொடுத்தவரும் அவரே. 1851இல் அடிமையாகப் பிறந்தவர். தன்னை வேவு பார்க்கக் குழந்தையையே எஜமானி பழக்குகிறாள் என்று தெரிந்ததும், பிள்ளையோடு ஆற்றில் விழுந்து சாகப் புறப்பட்டாள் தாய். வழியில் ஒரு கிழவி மறித்தாள். இந்தக் குழந்தையை வைத்து ஆண்டவருக்குப் பெரிய வேலை இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். தகப்பன் 350 டாலர் கொடுத்து மகளை மீட்டார். தாயை விற்க எஜமானி சம்மதிக்கவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்த பிறகுதான் தாயும் மகளும் மறுபடி சேர்ந்தார்கள். ‘ஸ்விங் லோ, ஸ்வீட் சேரியட்’ பாட்டை எல்லா ஷெப்பர்ட் இந்தக் கதையோடு சேர்த்தே சொல்வார்.

ஃபிஸ்க் 1866இல் தொடங்கியது. விடுதலையான அடிமைகளுக்குக் கல்வி கொடுக்க அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் நடத்திய கூடம் அது. இடமோ, போர்க்கால ராணுவ மருத்துவமனையின் பழைய மரக் கொட்டகைகள். ஐந்தே வருஷத்தில் மரம் இற்றுப்போனது, கடன் ஏறியது, மூடிவிடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. கணக்கு வழக்கையும் பாட்டு வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் வைட், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே போய்ப் பாடிப் பணம் திரட்டலாம் என்றார். நிர்வாகம் தயங்கியது. பெற்றவர்கள் பயந்தார்கள். இருந்தும் 1871 அக்டோபர் 6ஆம் தேதி ஒன்பது பேர் கிளம்பினார்கள். பெரும்பாலோர் பிறவியிலேயே அடிமைகள். அவர்களில் மேகி போர்ட்டர் அதற்குள் ஆசிரியை வேலை பார்த்திருந்தார். அவர் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தை கு க்ளக்ஸ் க்ளான் கும்பல் கொளுத்தியிருந்தது. பெஞ்சமின் ஹோம்ஸ், அடிமைகளை அடைத்து வைத்த கொட்டடியில் இருந்துகொண்டே லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தைச் சக கைதிகளுக்கு வாசித்துக் காட்டியவர்.

நம் ஊரில் டிசம்பர் பனியில் கேரல் ரவுண்ட்ஸ் போகும் சபை வாலிபர்களுக்கு ஒவ்வொரு வாசலிலும் காபி கிடைக்கும். இவர்களுக்கு வாசலே திறக்கவில்லை. குளிருக்கேற்ற உடுப்பு இல்லை. விடுதிகளில் இடம் மறுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலி செய்யும் மின்ஸ்ட்ரல் கூத்துதான் அன்றைய ரசிகர்களுக்குத் தெரிந்த ‘கறுப்பர் பாட்டு’. இவர்களும் அந்த ரகம் என்று நினைத்து அறை கொடுத்த ஒரு விடுதிக்காரர், முகத்தில் இருப்பது பூச்சு இல்லை என்று தெரிந்ததும் வெளியே துரத்தினார். ஒஹையோ மாநிலத்தில் பாடி முதன்முதலாகச் சேர்ந்தது 50 டாலர்தான். அப்போதுதான் சிகாகோ நகரம் தீயில் எரிந்து போயிருந்தது. தங்களுக்கே கோட்டு வாங்க வழியில்லாத பிள்ளைகள் அந்தப் பணத்தை அப்படியே தீ நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த வரலாற்றில் என்னை எப்போதும் நிறுத்திவிடும் இடம் இதுதான்.

கொலம்பஸ் நகரில் வைட் இரவெல்லாம் ஜெபித்தார், காலையில் குழுவுக்குப் பெயர் சொன்னார்: ஜூபிலி பாடகர்கள். லேவியராகமம் 25ஆம் அதிகாரம் சொல்லும் யூபிலி வருஷம், அதாவது அடிமை தன் குடும்பத்துக்குத் திரும்பிப் போகும் ஐம்பதாம் வருஷம். அந்தப் பெயருக்கு அவர்களைவிட உரியவர் யார்?

நவம்பரில் ஓபர்லின் வந்தார்கள். சபைப் போதகர்களின் தேசிய மாநாடு நடந்துகொண்டிருந்தது. இடைவேளையில் போதகர்கள் பேச்சும் சலசலப்புமாக இருந்தபோது, மூலையிலிருந்து ‘ஸ்டீல் அவே’ எழுந்தது. முதலில் மூச்சு போல, காதைத் தீட்டினால்தான் கேட்கும் அளவுக்கு. உரக்கப் பாடிக் கூட்டத்தை அடக்குவது அவர்கள் வழக்கமில்லை. ஒருவர் குரல் தனித்துத் தெரியாமல், எல்லாம் ஒரே குரலாகக் குழையும்வரை வைட் பழக்கியிருந்தார். பேச்சு நின்றது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கதவைச் சாத்திப் பாடிய பாட்டு அன்று வெளியே வந்தது. அதுவரை நிகழ்ச்சியை நிரப்பியிருந்த ஐரோப்பியப் பாட்டுகளைத் தள்ளிவிட்டு, முன்னோர் பாட்டுகள் மெல்ல மெல்ல முன்னால் வந்தன.

பிறகு எல்லாம் வேகம். டிசம்பரில் புரூக்ளினில் போதகர் ஹென்றி வார்ட் பீச்சரின் தேவாலயம். 1872இல் வெள்ளை மாளிகையில் அதிபர் கிராண்ட் முன்னிலையில். 1873இல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி முன்னிலையில். முதல் பயணத்திலேயே கடனும் அடைந்தது, புதிய வளாகத்துக்கு நிலமும் வாங்கினார்கள். அந்த நிலத்தில் எழுந்த ஜூபிலி ஹால் 1876 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பாட்டுக் காசில் எழுந்த அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ எழுதிய டுபாய்ஸ் இந்த ஃபிஸ்கில்தான் 1888இல் பட்டம் பெற்றார்.

பாடிய பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைத்தான் பலரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ஊழியம் என்ற சொல்லுக்காக உடம்பையும் வயதையும் கேட்கிறவர்கள், எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். ஏறக்குறைய ஏழு வருஷம் ரயில், கப்பல், மேடை, மறுநாள் மறுபடி ரயில். தொண்டை போனது, நுரையீரல் போனது. வைட் நோயில் விழுந்தார். எல்லா ஷெப்பர்ட் அடிக்கடி படுக்கையில் கிடந்து எழுந்து பாடினார். ஹோம்ஸ் காசநோயில் இளம் வயதிலேயே இறந்தார். 1878இல் ஜெர்மனிப் பயணத்தோடு குழு கலைந்தது. அவர்கள் 1,50,000 டாலர் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

படிக்க வந்த அந்த முதல் ஒன்பது பேரில் ஒருவரும் ஃபிஸ்கில் படிப்பை முடிக்கவில்லை. குழு கலைந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1978இல், ஃபிஸ்க் பல்கலைக்கழகம் அவர்களுக்கு இசையில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதை வாங்கிக்கொள்ள ஒருவரும் உயிரோடு இல்லை.

(தொடரும்)