இருட்டில் கண் என்ன செய்யும்?

"ஏன் வைத்தியரே, உங்களுக்கு எதுக்கு இந்த லைட்டு விஷயமெல்லாம்? லேகியத்தைப் பத்தி எழுதுங்க, படிக்கிறோம்" என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க என்னையும் கூட்டிப் போயிருந்தார். அவர் ஏ.சி. உண்டா, ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் மாடிப்படிக்கு மேலே இருந்த எக்ஸிட் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பல்பு எரியவில்லை. அது காட்டிய கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை மார்பளவுக்கு அடுக்கியிருந்தார்கள்.

வாசகர்களே, இது கண்ணும் மூச்சும் சம்பந்தப்பட்ட சமாசாரம். அதனால் வைத்தியன் பேசலாம்.

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பட்டென்று கரண்ட் போகிறது. ஒன்றுமே தெரிவதில்லை, இல்லையா? நம் விழித்திரையில் இரண்டு வகை உணர் அணுக்கள் உண்டு. கூம்பு வடிவில் இருப்பவை வெளிச்சத்தில் வேலை செய்பவை. குச்சி வடிவில் இருப்பவை மங்கலில் பார்ப்பவை. பகல் ஷிப்ட் ஆள் போய், ராத்திரி ஷிப்ட் ஆள் முழுசாக வேலையில் இறங்க 20 முதல் 30 நிமிஷம் பிடிக்கும். வயதானால் இன்னும் தாமதம். 20 வயதுப் பிள்ளையின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போய்ச் சேருகிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். பொன்னாங்கண்ணி சாப்பிடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தினமும் ஒரு கட்டு சாப்பிட்டாலும் திடீர் இருட்டில் படிக்கட்டு தெரியாது!

இருட்டோடு புகையும் சேர்ந்தால்?

1997 ஜூன் 13. டெல்லி உபஹார் தியேட்டரில் மாட்னி ஷோ. கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் டிரான்ஸ்பார்மர் தீப்பிடித்தது. நெருப்பு பால்கனி வரை வரவே இல்லை, புகைதான் வந்தது. கரண்ட் போய் இருட்டாகிவிட்டது. எமர்ஜென்சி விளக்கு எரியவில்லை. கூடுதல் சீட் போடுவதற்காக ஒரு பக்கத்து வழியையே அடைத்திருந்தார்கள். 59 பேர் போய்விட்டார்கள். மூச்சடைத்துத்தான் இறந்தார்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு பொல்லாதது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலை கிறுகிறுக்கும், அப்புறம் புத்தி தடுமாறும். கதவு பக்கத்தில் இருந்தாலும் எந்தப் பக்கம் என்று தோன்றாது.

நான் பார்த்த மண்டபத்து மேனேஜரிடம் கேட்டேன். "ஜெனரேட்டர் இருக்கு சார், அஞ்சு நிமிஷத்துல போட்டுருவோம்" என்றார் பெருமையாக. கரண்ட் கட்டுக்கு அது போதும். தீ விபத்துக்கு? தீப்பிடித்தால் முதல் காரியமாக மெயினை அணைப்பார்கள். பல கட்டடங்களில் ஜெனரேட்டர் ஒயரும் அதே பேனல் போர்டு வழியாகத்தான் வருகிறது. ஒயர் எரிந்துபோனால் ஜெனரேட்டர் வெளியே ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே இருட்டு இருட்டாகவே இருக்கும். அதனால்தான் வழி காட்டும் விளக்குக்குள்ளேயே பேட்டரி இருக்க வேண்டும், அல்லது தனி பேட்டரியிலிருந்து தீயில் கெடாத ஒயரில் வர வேண்டும் என்கிறார்கள். 2016-ல் வந்த நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மெயின் விளக்கு போன 5 விநாடிக்குள் இது எரிய வேண்டும் என்கிறது. எவ்வளவு சின்னக் கட்டடமானாலும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து எரிய வேண்டும். 5 விநாடி எங்கே, 5 நிமிஷம் எங்கே!

விளக்கு மாட்டியிருந்தால் மட்டும் போதாது. பேட்டரி என்பது கிழவனின் இருதயம் மாதிரி, சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் தெரியும். மாடி ஏறச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். பிரிட்டனில் மாதம் ஒரு தடவை சின்னச் சோதனை, வருஷத்துக்கு ஒரு தடவை முழு நேரமும் எரியவிட்டுச் சோதனை செய்து நோட்டில் எழுதி வைக்கிறார்கள். நம் ஊரில் அந்த நோட்டைக் கேட்டால் 'இன்கம்டாக்ஸா?' என்று பயப்படுகிறார்கள்.

"எல்லார் கையிலும் செல்போன் டார்ச் இருக்கே டாக்டர்?" என்பார் சிலர். பனிமூட்டத்தில் லாரி ஹெட்லைட் போட்டால் என்ன ஆகும்? வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். புகையிலும் அதே கதைதான்.

பச்சை போர்டில் ஓடும் மனிதனைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் 1972-ல் ஒசாகா நகரத்துக் கடைக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து 118 பேர் மாண்டார்கள். அதன் பின்னால்தான் அங்கே தெளிவான வழிகாட்டிப் படம் வேண்டும் என்ற யோசனை வலுத்தது. பொதுமக்களிடம் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த படத்தை யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர் செம்மைப்படுத்தினார். இன்று உலகின் பல நாடுகளில் அதுதான். இங்கிலீஷில் எக்ஸிட் என்று மட்டும் எழுதினால் எழுத்துத் தெரியாத நம் ஆத்தாவுக்கு எப்படிப் புரியும்? படம் யாருக்கும் புரியும். பச்சை ஏன் என்று கேட்டால், மங்கலில் வேலை செய்யும் அந்தக் குச்சி அணுக்களுக்குப் பச்சையும் நீலமும் கலந்த ஒளிதான் நன்றாகத் தெரியும். சிவப்பு கறுத்துப்போகும்.

ஆனால் போர்டு காட்டும் இடத்தில் வழி இருக்க வேண்டுமே! ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் 2004 ஜனவரி 23 அன்று நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மாடியில் போட்ட ஓலைப்பந்தல் தீப்பிடித்து, குறுகலான படிக்கட்டில் நெரிசல். மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் பலியானார்கள். அது காலை வேளை, வெளிச்சம் இருந்தது. இறங்க வழி இல்லை.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மேனேஜரிடம் சொல்லி, எமர்ஜென்சி லைட்டின் டெஸ்ட் பட்டனை உங்கள் எதிரிலேயே அமுக்கச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, மெயினையே ஒரு நிமிஷம் அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். மாடியிலிருந்து இறங்க இரண்டாவது படிக்கட்டு உண்டா, அதன் கதவில் பூட்டுத் தொங்குகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். கதவைத் தள்ளியும் பாருங்கள். சங்கடப்பட வேண்டாம், பணம் நம்முடையது.

நர்ஸிங் ஹோமில் சொந்தக்காரரை அட்மிட் செய்தாலும் இதேதான். கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அதிகாலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புகை சூழ்ந்து 90 பேர் வரை இறந்தார்கள். பெரும்பாலோர் எழுந்து நடக்க முடியாத நோயாளிகள். துணைக்கு ராத்திரி தங்குகிற தாய்மார்கள், கேன்டீன் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் படிக்கட்டு எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலிலிருந்து எத்தனை கதவு தாண்டினால் படி வரும் என்று எண்ணி வையுங்கள். புகை மேலேதான் முதலில் நிறையும். தரையை ஒட்டி, சுவரைத் தடவிக்கொண்டே தவழ்ந்து வாருங்கள். லிப்ட் பக்கம் போகவே கூடாது.

கடைசியாக என் தொழில் சம்பந்தப்பட்டது ஒன்று. புகையில் மாட்டி வெளியே வந்தவருக்குக் கஷாயம், சுக்குத்தண்ணி, பால் என்று எதையும் புகட்டாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். குரல் கம்மியிருந்தால், மூக்கில் கரி ஒட்டியிருந்தால், தலைவலி, வாந்தி என்றால், "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று அவரே சொன்னாலும் விடாதீர்கள். தொண்டை உள்ளே மெல்ல வீங்கி, சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சை அடைக்கலாம். 108-க்குப் போன் போட்டு, ஆக்ஸிஜன் வைக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள். என்னிடம் ஒரு வாரம் கழித்து வந்தால் போதும்.