அலி காபு: அரியணை ஏறிய வாசல்

ஈரானின் இஸ்ஃபஹான் நகரில், நக்ஷ்-இ-ஜஹான் சதுக்கத்தின் மேற்கே நிற்கும் அலி காபு மாளிகையை மன்னர் குடியிருந்த வீடாக எண்ணிப் பார்த்தால் அதன் அமைப்பு பிடிபடாது. அடிப்படையில் அது பின்னாலிருந்த அரண்மனைத் தோட்டங்களுக்குள் செல்லும் வாசல். சஃபாவித் மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் 1598 வாக்கில் தலைநகரை கஸ்வினிலிருந்து இங்கே மாற்றினார். அதன்பின் அந்த வாசல் மாடிமேல் மாடியாக வளர்ந்து உயர்ந்தது. மன்னர் ஊரைப் பார்க்கவும், ஊர் மன்னரைப் பார்க்கவும் எழுந்த கட்டடம் இது என்பதற்கு, முகப்பின் மேல் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும் ‘தாலார்’ என்ற மண்டபமே சான்று. கூரையை 18 மரத்தூண்கள் தாங்குகின்றன. கனத்த கல்தூண்களை நிறுத்தியிருந்தால் பாதிப் பார்வை மறைந்திருக்கும். கீழ்த்தளமும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியிருந்திருக்கும். மெலிந்த மரத்தூண்களுக்கு இடையே, 500 மீட்டருக்கு மேல் நீளும் சதுக்கம் முழுவதும் கண்ணுக்கு எட்டுகிறது. கீழே நடந்த போலோ ஆட்டத்தையும் படை அணிவகுப்பையும் மன்னர் தூதர்களோடு இங்கிருந்து பார்த்தார். போலோவுக்கு நட்ட கல் கம்பங்கள் இன்றும் சதுக்கத்தின் இரு முனைகளிலும் நிற்கின்றன.

தாலார் முதலாம் ஷா அப்பாஸின் காலத்தது அல்லவே, 1642இல் பட்டமேறிய இரண்டாம் ஷா அப்பாஸ் காலத்தில் சேர்த்தது ஆயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான், கட்டடம் பல கட்டங்களில் வளர்ந்ததைப் புனரமைப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் வளர்ந்த திசையைக் கவனிக்க வேண்டும். சிறிய வாசல் முதலில் உயர்ந்தது, பிறகு சதுக்கத்தை நோக்கி முன்னே நீண்டது, அந்த நீட்சியின் தலைமேல்தான் தாலார் அமர்ந்தது. ஒரே ஆள் வரைந்த திட்டமாக இல்லாதபோதும், அடுத்தடுத்து வந்தவர்கள் ஒரே தேவைக்காகவே கட்டியிருக்கிறார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு உச்சி மாடியில் இருக்கிறது. அங்குள்ள இசைக்கூடம் ஊர்க் கண்ணுக்கு எட்டாத அந்தரங்க அறை. காட்சி தருவதே நோக்கம் என்றால் இது எதற்கு? கீழே நாடறிய வீற்றிருந்தவருக்கு, நெருங்கியவர்களோடு மட்டும் இருக்கவும் ஓரிடம் வேண்டியிருந்தது. அதனால்தான் அதை எல்லாவற்றுக்கும் மேலே ஒதுக்கினார்கள். இக்கூடத்தின் சுவரிலும் விதானத்திலும், மெல்லிய சுதைத் தகடுகளில் குடுவை, கிண்ணம், பூச்சாடி வடிவத் துளைகளை வெட்டியிருக்கிறார்கள். பீங்கான்களை அடுக்கும் மாடங்கள் என்று அவற்றைச் சொல்வதுண்டு. ஷா அப்பாஸ் தம் சீனப் பீங்கான்களை 1611இல் வழங்கிய அர்தபில் தர்காவிலும் இத்தகைய மாடங்கள் உள்ளன. ஆகவே அந்த விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் தலைக்கு மேல் கவிந்த வளைவில் எந்தக் கிண்ணம் நிற்கும்? வடிவம் பீங்கானிலிருந்து வந்திருக்கலாம், பயன் அதோடு முடியவில்லை. வெறும் செங்கல் விதானத்தில் பாட்டு மோதி எதிரொலித்துக் குழம்பும். துளையிட்ட தகடும் அதன் பின்னுள்ள வெற்றிடமும் அந்த ஒலியைச் சிதறடித்து, ஓரளவு உள்வாங்கிக்கொள்கின்றன.